வெண்டல் க்ரப்பின் வாய்

வெண்டல் க்ரப் விழுந்து சம்பாதித்தவர். ஏணியிலிருந்து விழுவார். மாடிப்படியில் உருளுவார். கோட்டு சூட்டோடு குளியல் தொட்டிக்குள் சாய்வார். அடுப்புக் குழாய் எங்கே கழன்றாலும் அத்தனை கரியும் அவர் தலையில்தான் கொட்டும். ஈடன்டேலில் கோழிப் பண்ணைக்கும் தீவனக் கடைக்கும் நடுவே ஸ்டுடியோ போட்டுச் சிரிப்புப் படம் எடுத்துக்கொண்டிருந்த ஒரு கம்பெனியில் அவருக்கு நிரந்தரமான வேஷம், வீட்டுக்காரர். எல்லாப் படத்திலும் அவருக்கு ஒரு வீடு இருக்கும், ஒரு பெண்டாட்டி இருப்பாள், ஏதாவது ஒன்று ஒழுகும். ஆளைக் கூப்பிட்டால் செலவாகும் என்று வெண்டல் தானே சுத்தியலை எடுப்பார். இரண்டாவது ரீல் முடியும்போது வீடு இருக்காது.

நிஜத்தில் அவருக்கு வீடும் கிடையாது, பெண்டாட்டியும் கிடையாது. ஒஹாயோவில் ரொட்டி வண்டி ஓட்டியவர், அங்கே வந்த சர்க்கஸ்காரர்களோடு குட்டிக்கரணம் போடப் போய், அவர்கள் கலிபோர்னியாவில் நொடித்துப்போனபோது சினிமாவில் ஒதுங்கினார். நாற்பத்தைந்தைத் தாண்டியாகிவிட்டது. உடம்பில் ஒரு தரமாவது உடையாத எலும்பு குறைவு. காலையில் கட்டிலை விட்டு இறங்குவதற்குள் இரண்டு முட்டியும் அவரைப் பெயர் சொல்லி ஏசும். இன்னும் எத்தனை நாள் விழ முடியும் என்பது அவருக்கே தெரியாது. விழ முடியாத அன்றைக்குச் சோறு யார் போடுவார்கள் என்பதும் தெரியாது.

அதனால்தான் அவர் அடீலியா ஸ்டோக்லி அம்மாளின் வீட்டின் மேல் கண் வைத்தார். அம்மாள் மேல் அல்ல, வீட்டின் மேல். மலைச் சரிவில் இரண்டு மாடி மர வீடு. அடீலியா அம்மாளின் புருஷன் ரயில்வேயில் வேலை பார்த்துப் போய்ச் சேர்ந்தவர். அம்மாள் வாடகைக்கு ஆள் வைத்து, மூன்று வேளையும் சமைத்துப் போட்டு வீட்டை நடத்திக்கொண்டிருந்தார். அந்தத் தெருவில் மற்ற வீடுகளில் நாய்க்கும் நடிகருக்கும் இடமில்லை என்று பலகையே தொங்கியது. அடீலியா அம்மாள் பலகை மாட்டவில்லை. நேரில் பார்த்து, சாப்பிடுவதைப் பார்த்து, அப்புறம்தான் முடிவு சொல்வார். வெண்டல் முதல் நாளே குழம்பை இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அந்த வீட்டில் அதற்கு முன் யாரும் செய்யாத காரியம் அது.

ஆறு மாதம் அவர் அந்தக் குழம்பைப் புகழ்ந்தார். உருளைக்கிழங்கு உரித்துக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகும்போது அம்மாளின் குடையைப் பிடித்துக்கொண்டு போனார். கடைசியில் ஒரு நாள் பாத்திரம் துடைத்துக்கொண்டே, கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டுவிட்டார்.

அடீலியா அம்மாள் கையை இடுப்பில் கட்டிய சமையல் துணியில் துடைத்துக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"எனக்கு ஆள் துணை வேணும்னு ஒண்ணும் இல்ல, க்ரப். ஆனா நீங்க தட்டைப் பாத்து மூஞ்சியைச் சுளிக்காத மனுஷன். இந்த வீட்ல என் தம்பி ஏமஸ் கடைசி வரைக்கும் இருப்பான். அது தெரிஞ்சுதானே கேக்குறீங்க?"

"என்ன அம்மணி இப்படிக் கேட்டுட்டீங்க! ஏமஸ் எனக்கும் தம்பிதான்."

"அப்ப சரி. அறுப்புத் திருநாள் கழிச்சு வெச்சுக்கலாம். அந்தத் துணியைக் கொஞ்சம் பிழிஞ்சு போடுங்க."

இவ்வளவுதான் காதல் பேச்சு. வெண்டலுக்கு இதற்கு மேல் தேவையும் இல்லை. இனி விழ வேண்டாம் என்ற ஒரே நினைப்பில் அன்றைக்கு அவருக்கு முட்டி கூட வலிக்கவில்லை.

ஏமஸ் சின்ன வயசில் வந்த விஷக் காய்ச்சலில் காது போனவர். பத்திரிகை ஆபீஸில் அச்சுக் கோர்க்கிறார். அங்கே இயந்திரம் போடுகிற இரைச்சலில் மற்றவர்களுக்குத் தலை வெடிக்கும், அவருக்குக் கவலை இல்லை. மாடியில் கிழக்கே பார்த்த அறை அவருடையது. வீட்டிலேயே நல்ல அறை, காலை வெயில் கட்டில் வரைக்கும் வரும். வெண்டல் குடியேறிய நாளிலிருந்து அந்த வெயில் தன் முட்டிக்குத்தான் உதிக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தார். அக்காவும் தம்பியும் எப்போதும் கை ஜாடையில் பேசிக்கொள்வதைப் பார்த்திருந்ததால், ஏமஸுக்கு வேறு எதுவும் விளங்காது என்பது அவர் தீர்ப்பு. குட் மார்னிங் சொல்ல வேண்டுமென்றால் ஏமஸின் காதருகே குனிந்து தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்துவார். ஏமஸ் சிரித்துத் தலையாட்டுவார். பாவம், மூளையும் பாதி போச்சு என்று வெண்டல் தீர்மானித்துவிட்டார்.

இனி அவர் வாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது சினிமாவுக்கு இன்னும் வாய் முளைக்காத காலம். ஆனால் நடிகன் வாய் அசைந்தாக வேண்டும், அசையாவிட்டால் பொம்மை மாதிரி இருக்கும் என்பது டைரக்டர் கிளிஃபர்ட் நூனனின் கட்சி. என்ன பேசுவது என்று யாரும் எழுதித் தர மாட்டார்கள். அவரவர் வாய்க்கு வந்ததுதான். போலீஸ்காரர் வேஷம் போடுகிற ஒருவர் ஒவ்வொரு படத்திலும் முந்தின நாள் சீட்டாட்டத்தில் தோற்ற கதையை முழுசாகச் சொல்லி முடிப்பார். வெண்டல் அடீலியா அம்மாளின் வீட்டைப் பற்றிச் சொல்வார். அதில் அவருக்கு அப்படி ஒரு சுகம். வீட்டில் பொழுதுக்கும் இனிக்க இனிக்கப் பேசி அலுத்த வாய், காமிராக்காரர் கைப்பிடியைச் சுற்ற ஆரம்பித்ததும் அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டி மாதிரி துள்ளும்.

"க்ரப்! அவ கட்டையைத் தூக்குறா! கெஞ்சுய்யா! கையைப் புடிச்சுக் கெஞ்சு!" என்று நூனன் வாயில் வைத்த தகரக் கூம்பு வழியாகக் கத்துவார்.

வெண்டல் மண்டியிட்டுக் கண்ணீர் விடுவார். "டில்லி, கேளு. நேத்து குழம்புல ஒரே ஒரு கறித்துண்டு. முதல்ல நான் மென்னேன். அப்புறம் பக்கத்துல இருக்குற பல் டாக்டர் மென்னாரு. யாராலும் முடியல. கழுவி மறுபடி சட்டியிலயே போட்டுட்டோம். இன்னைக்கும் வரும்."

பெண்டாட்டி வேஷம் போடுகிற டில்லி மார்ஷ்பேங்க் உதட்டைக் கடித்துக்கொண்டு, கோபமாக முறைப்பது போல் பல்லுக்குள்ளேயே சொல்லுவாள். "பேசாதீங்க பெரிசு, சிரிச்சுத் தொலைச்சேன்னா இந்த ஆளு ரீலு வீணாப் போச்சுன்னு என்னைத் தொலைச்சுடுவாரு." பிறகு கட்டையால் மண்டையில் ஒரு போடு. கட்டை பஞ்சு, தட்டு சுண்ணாம்பு, பாட்டில் சர்க்கரைப் பாகு. விழுகிற தரை மட்டும் நிஜம்.

இப்படி மாதக்கணக்கில் பேசியும் ஒரு வில்லங்கமும் வரவில்லை. அதற்குக் காரணம் அவருடைய ஒட்டு மீசை. துடைப்பத்தைப் பாதியாக வெட்டி மூக்குக்குக் கீழே வைத்தது போல் அது வாய் முழுக்கத் தொங்கும். மீசைக்குப் பின்னால் அவர் என்ன பேசினாலும் அது மீசைக்கும் அவருக்கும் உள்ள விவகாரம்.

ஆனால் வெண்டலுக்கு ஒரு மனக்குறை இருந்தது. ஜனங்கள் அவர் விழுவதற்குத்தான் சிரித்தார்கள், முகத்துக்கு யாரும் சிரிக்கவில்லை. ஒரே ஒரு தடவை முகத்தைக் கிட்டத்தில் எடுக்கச் சொல்லி நூனனிடம் நாயாய் அலைந்தார்.

"உன் மூஞ்சிக்கு எவன்யா சிரிப்பான்?" என்பார் நூனன். "ஜனங்க காசு குடுக்குறதே உன் பின்பக்கத்துக்கு. அதை நான் எவ்வளவு கிட்டத்துல வேணும்னாலும் எடுக்குறேன்."

அந்தக் குறை தீர்ந்தது சுவருக்குக் காகிதம் ஒட்டுகிற படத்தில். மாமியார் வருகிறாள் என்று வீட்டுக்காரர் கூடத்துச் சுவருக்குத் தானே பூப்போட்ட காகிதம் ஒட்டக் கிளம்புகிறார். வழக்கம்போல் ஏணி சரிகிறது, பசை வாளி கவிழ்கிறது. கடைசியில் அவரே சுவரோடு ஒட்டிக்கொள்ள, மேலே காகிதம் விழுந்து மூடிவிடுகிறது. கிழிந்த ஓட்டை வழியாக முகம் மட்டும் வெளியே. காகிதம் இழுத்த இழுப்பில் மீசை பிய்ந்து பக்கத்திலிருந்த ரோஜாப் பூவில் போய் ஒட்டிக்கொண்டது. நூனன் அதைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"அப்படியே இரு! மீசை அங்கயே இருக்கட்டும்! காமிராவைக் கிட்டக் கொண்டு வாங்கடா! கையும் ஆட்ட முடியாது, காலும் ஆட்ட முடியாது, உனக்கு இப்ப மூஞ்சிதான்யா மிச்சம். பேசு! வாயை நல்லாத் திறந்து பேசு! நான் சொல்ற வரைக்கும் நிறுத்தாத!"

வாழ்நாளெல்லாம் வேண்டிக்கொண்ட சாமி நேரில் வந்து நின்றது போல் இருந்தது வெண்டலுக்கு. அந்த உற்சாகத்தில் அவர் மனசில் இருந்ததையெல்லாம் எடுத்து வைத்தார்.

"எனக்குக் கல்யாணம், டில்லி. பொண்ணு யாருன்னு கேக்காத, வீடு எதுன்னு கேளு. ரெண்டு மாடி, தோட்டம், கோழிக் கொட்டகை. கூட ஒரு பொம்பளையும் வருது, என்ன பண்றது, ஏத்துக்க வேண்டியதுதான். குழம்பு இருக்கே, அதைச் சுவத்துல தடவினா இந்தக் காகிதம் நூறு வருஷத்துக்கு விழாது. குறட்டையைக் கேட்டியானா சரக்கு ரயில் கூட வழி விட்டு ஒதுங்கி நிக்கும். அடீலியா கண்ணே, அடீலியா கண்ணேன்னு சொல்லிச் சொல்லி எனக்குத் தாடை வலிக்குது."

டில்லி முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள். பெண்டாட்டி அழுகிறாள் என்று எண்ணி நூனன், "பிரமாதம், அழு அழு!" என்றார். வெண்டல் விடவில்லை.

"கல்யாணம் ஆன மறுநாள் முதல் வேலை என்ன தெரியுமா? அந்த ஏமஸுன்னு ஒரு செவிட்டுப் பய இருக்கான்ல, அவனை மாடி ரூம்லேருந்து கிளப்பிக் கோழிக் கொட்டகைக்கு அனுப்புறது. அவனுக்கு என்ன? கோழி கத்தினாலும் கேக்கப் போறதில்ல. அக்காகிட்ட எப்படியாவது நான் பேசிச் சரிக்கட்டிடுவேன். ரெண்டு நாள் அழுவா, அப்புறம் பழகிடும்."

டில்லி முகத்திலிருந்து கையை எடுத்தாள். அவளுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அசிங்கத்தை மிதித்துவிட்டது போல் அவரைப் பார்த்தாள். "அதுதான்! அந்தப் பார்வைதான் வேணும்!" என்று நூனன் துள்ளினார். சுவரைச் சாய்க்கச் சொன்னார். சுவர் வெண்டலோடு சேர்ந்து முன்னால் விழுந்தது.

படம் ஊருக்கு வந்தது. அடீலியா அம்மாள் அதுவரை அவர் நடித்த எதையும் பார்த்ததில்லை, ஒருத்தன் விழுவதைப் பார்க்கச் சினிமாக் கொட்டகைக்குப் போவானேன் என்பார். இந்தப் படத்துக்கு வெண்டலே வற்புறுத்தி அழைத்தார். "என் முகம் இருக்கு அம்மணி, முழு முகம். நீங்க பாக்காம யாரு பாக்குறது?" என்று தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டார். சனிக்கிழமை மத்தியான ஆட்டம். ஏமஸும் அவருடைய காது கேளாத சிநேகிதர்களும் சனிக்கிழமை தவறாமல் வந்து முன் வரிசைகளை நிரப்பிவிடுவார்கள். வசனம் எழுதிய அட்டை திரையில் வருகிற நேரத்தில் கூட ஜாடையில் வாக்குவாதம் நடக்கும். அடீலியா அம்மாள் அவர்களுக்குப் பின் வரிசையில், தம்பி தலைக்கு நேர் பின்னால் உட்கார்ந்தார். வெண்டல் பக்கத்தில்.

ஏணி சரிந்தது, கொட்டகை சிரித்தது. வாளி கவிழ்ந்தது, கொட்டகை மறுபடி சிரித்தது. அம்மாள் மரியாதைக்குப் புன்னகை செய்தார். பிறகு திரை முழுக்க வெண்டலின் முகம் வந்தது.

பின்னால் இருந்த ஜனம் கொஞ்சம் சிரித்து ஓய்ந்தது. பியானோக்காரி கூட என்ன வாசிப்பது என்று தெரியாமல் தடுமாறினாள். ஆனால் முன் வரிசைகள் வெடித்தன. ஒருவர் தொடையில் அறைந்துகொண்டார், இன்னொருவர் பக்கத்து ஆளின் தோளில் சாய்ந்து மூச்சு வாங்கினார். காது கேட்காதவர்களின் சிரிப்புக்கு வெட்கம் கிடையாது, அடிவயிற்றிலிருந்து வந்து கொட்டகை முழுக்கப் பரவியது.

வெண்டலுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "பாத்தீங்களா அம்மணி? மூஞ்சிக்கு! என் மூஞ்சிக்குச் சிரிக்கிறாங்க!"

அம்மாள் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார், தோள் குலுங்கியது. வருங்கால மனைவியும் சிரிக்கிறாள், ஊரும் சிரிக்கிறது. பதினெட்டு வயசில் ரொட்டி வண்டியை விட்டு இறங்கியதிலிருந்து அவர் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

திடீரென்று முன் வரிசைகள் அடங்கின. யாரோ திரியை இறக்கிவிட்டது போல் எல்லாரும் ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள். தலைகள் திரும்பின. திரையை யாரும் பார்க்கவில்லை, ஏமஸைப் பார்த்தார்கள். ஏமஸ் மட்டும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அடீலியா அம்மாளின் கைக்குட்டை மடிக்கு இறங்கியது.

திரையில் அந்த வாய் இன்னும் அசைந்துகொண்டிருந்தது. இரண்டு ஆள் உயரத்துக்கு, மீசையில்லாமல், ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. இந்த இடத்தில் என்ன பேசினோம் என்று வெண்டல் யோசித்தார். நினைவு வந்தது. சத்தம் வராவிட்டால் பேசியது யாருக்கும் தெரியாது என்று நினைத்தது அவர் மட்டுமல்ல, ஈடன்டேலே அப்படித்தான் நினைத்தது. வாயைப் பார்த்தே வாழ்கிறவர்களும் காசு கொடுத்துப் படம் பார்க்கிறார்கள் என்று ஒருவனுக்கும் தோன்றவில்லை.

சுவர் விழுந்தது. பின்னால் இருந்த ஜனம் இடி இடித்தது போல் சிரித்தது.

வெளியே வெயிலில் வந்து நின்றதும் அடீலியா அம்மாள் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"குழம்புக்குச் சிரிச்சேன், க்ரப். குறட்டைக்கும் சிரிச்சேன். நல்லாத்தான் சொல்றீங்க, சும்மா சொல்லக்கூடாது. வீட்டுக்காகத்தான் கேட்டீங்கன்றதும் எனக்குத் தெரியாம இல்ல. என் வயசுக்கு வேற எதுக்கு வருவாங்க?"

"அம்மணி, உங்களுக்கு எப்படி..."

"ஏமஸுக்குக் காது போனப்ப எனக்கு ஏழு வயசு. எங்கம்மா எங்க ரெண்டு பேரையும் எதிரும் புதிருமா உக்கார வெச்சு, வாயைப் பாத்தே படிக்கச் சொல்லிக் குடுத்தாங்க. அவன் கத்துக்கிட்டான், கூட உக்காந்த நானும் கத்துக்கிட்டேன்."

"அது வேஷம் அம்மணி! படத்துக்காகச் சொன்னது! அந்த வீட்டுக்காரன் அப்படிப்பட்ட பய!"

"அந்த வீட்டுக்காரனுக்கும் ஏமஸுன்னு மச்சான் இருக்கானா?"

டிராம் வந்தது. அம்மாளும் ஏமஸும் ஏறிக்கொண்டார்கள். வெண்டலுக்கு ஏறத் தைரியம் வரவில்லை. நடந்தே போனார். மலைச் சரிவில் ஏறும்போது முட்டி இரண்டும் ஏசின, வழியெல்லாம் என்ன சொல்லலாம் என்று வாய்க்குள்ளேயே ஒத்திகை பார்த்துக்கொண்டு போனார். போனபோது அவருடைய டிரங்குப் பெட்டி வாசல் படிக்கட்டின் மேல்தட்டில் இருந்தது. ஜன்னல் திரைகளுக்குப் பின்னால் மற்ற வாடகைக்காரர்களின் மூக்குகள் தெரிந்தன. அடீலியா அம்மாள் கதவு நிலையில் நின்றார், பக்கத்தில் ஏமஸ்.

"அம்மணி, திட்டுங்க. நாலு வார்த்தை நல்லாத் திட்டுங்க. அப்படியே போகச் சொல்லாதீங்க," என்றார் வெண்டல். ஒத்திகை பார்த்ததில் ஒன்றும் நினைவில் இல்லை.

அடீலியா அம்மாள் பேசினார். உதடு மட்டும் அசைந்தது, குரல் வரவில்லை. நிதானமாக, ஒவ்வொரு சொல்லையும் எண்ணி வைத்தது போல், நெடுநேரம் பேசினார். நடுவில் ஒரு தரம் கண் கலங்கியது, ஒரு தரம் சிரிப்பு வந்து போனது. ஏமஸ் அக்காவின் வாயைப் பார்த்துத் தலையசைத்துக்கொண்டார். தன்னைப் பற்றித்தான் பேசுகிறார் என்பது வெண்டலுக்குத் தெரிந்தது. ஒரு சொல் கூடப் புரியவில்லை. வாயசைத்துப் பிழைத்த மனுஷன், வாயைப் பார்த்துத் திருதிருவென்று விழித்தார்.

"சத்தமாச் சொல்லுங்க அம்மணி! கேக்கல!"

அம்மாள் சொல்லி முடித்துவிட்டுக் கதவின் மேல் கை வைத்தார். வெண்டலுக்கு உருப்படியாகத் தெரிந்த வேலை ஒன்றுதான். பின்னால் ஓர் அடி வைத்தார், காலை வாரிவிட்டுக்கொண்டார், இரண்டு கையும் காற்றில் சுழல, தொப்பி தனியாகப் பறக்க, படிக்கட்டு முழுக்க உருண்டு தரைக்கு வந்தார். அவ்வளவு அழகாக அவர் எந்தப் படத்திலும் விழுந்ததில்லை. அண்ணாந்து பார்த்தபோது அம்மாள் உள்ளே போயிருந்தார். எப்போது போனார் என்று தெரியவில்லை. ஜன்னலிலும் யாரும் சிரிக்கவில்லை.

ஏமஸ் இறங்கி வந்தார். அக்குளில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தினார். கோட்டிலிருந்த மண்ணைத் தட்டினார். தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். பெட்டியைக் கீழே இறக்கி அவர் காலருகே வைத்தார்.

"என்ன சொன்னாங்க, ஏமஸ்?" வெண்டல் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த வீட்டில் இருந்த அத்தனை நாளில் முதல் தடவையாகக் காதில் கத்தாமல், ஏமஸின் முகத்தை நேராகப் பார்த்துப் பேசினார். "நான் பண்ணினது தப்பு. எனக்குப் போக இடம் இல்ல. அவங்க கடைசியா என்ன சொன்னாங்க, அதை மட்டும் சொல்லுங்க."

ஏமஸ் அந்த வாயை முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரை பார்த்தார். புரிந்தது என்று தலையாட்டினார். பிடித்திருந்த கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு, படியேறிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.